மறு: லீன், ரிச் கலவைக்கு என்ன சொல்? (பழைய புல்லட் கார்பரேட்டர் கையேடு)

அனைவருக்கும் வணக்கம்.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்பரேட்டரைப் பற்றி நாம் எழுதும் தமிழ்க் கையேட்டில், பெட்ரோல் குறைந்த 'லீன்' கலவைக்கும் பெட்ரோல் மிகுந்த 'ரிச்' கலவைக்கும் என்ன சொல் வைப்பது என்பதுதான் கேள்வி. இதுவரை வந்த பரிந்துரைகளில் 'நீர்த்த கலவை', 'செறிந்த கலவை' என்ற இணைக்குத்தான் ஆதரவு கூடி வருகிறது. பள்ளி வேதியியலில் பழகிய சொற்கள், புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை. சரி. ஆனால் நாம் எழுதுவது 1990களின் புல்லட் 350 வண்டியில் வரும் மிக்கார்ப் விஎம் 24 கார்பரேட்டரை வீட்டு வாசலில் வைத்துக் கழற்றப்போகிற ஒருவருக்கு. அவரிடம் 'கலவை நீர்த்திருக்கிறது' என்றால் பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார்.

அதுவும் உண்மையிலேயே வருகிற கோளாறு என்பதுதான் சிக்கல். 2023 பிப்ரவரியில் 20% எத்தனால் கலந்த பெட்ரோல் இந்தியாவின் பெட்ரோல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் ஈரம் அளவுக்கு மேல் சேர்ந்தால் தண்ணீரும் எத்தனாலும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். கார்பரேட்டரின் அடியில் பெட்ரோல் தங்கும் மிதவைக் கிண்ணத்தைக் கழற்றிக் கண்ணாடி டம்ளரில் ஊற்றினால் அடியில் தனியாக ஒரு அடுக்கு தெரியும். அதற்குத் தீர்வு டேங்கையும் கிண்ணத்தையும் காலிசெய்து கழுவுவது. லீன் கலவைக்குத் தீர்வு வேறு. இரண்டு கோளாறுக்கும் ஒரே மாதிரி ஒலிக்கிற பெயரை வைத்தால் கையேடு படித்தவர் ஜெட்டை (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளைப் பாகம்) மாற்ற வேண்டிய இடத்தில் டேங்கைக் கழுவிக்கொண்டிருப்பார்.

என் பரிந்துரை: லீன் கலவைக்குக் குறையூட்டம், ரிச் கலவைக்கு மிகையூட்டம். எஞ்சினுக்கு எரிபொருள் ஊட்டப்படுகிறது, அது குறைந்தது அல்லது மிகுந்தது. எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று என்பது முழுதாக எரியத் தேவையான அளவு. காற்று அதற்கு மேல் போனால் குறையூட்டம், கீழே வந்தால் மிகையூட்டம். வினையடையாகவும் ஓடுகிறது: 'பாதி த்ராட்டிலில் வண்டி குறையூட்டமாக ஓடுகிறது' என்று எழுதலாம். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய பெட்ரோலுக்குச் சரியாக இருந்த அதே ஜெட்டில் இப்போது வண்டி சற்றுக் குறையூட்டமாக ஓடும் என்பதையும் இந்தச் சொல்லால் ஒரு வரியில் சொல்லிவிட முடிகிறது. 'நீர்த்த'வை வைத்து அந்த வாக்கியத்தை எழுதிப் பாருங்கள்.

சூப்பர்சார்ஜரை 'மிகையூட்டி' என்று யாராவது எழுதினால் மோதாதா என்று கேட்பீர்கள். மோதலாம். ஆனால் அது காற்றை அழுத்தித் திணிக்கிற கருவி, அதற்கு அழுத்தத்தை வைத்து ஒரு பெயர் செய்வதே பொருத்தம். தவிர, புல்லட்காரருக்கு அந்தக் கவலை வரப்போவதில்லை.

பாகங்களின் பெயரைப் பொறுத்தவரை நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். மெயின் ஜெட்டை 'முதன்மைத் தாரை' ஆக்கலாம் என்று ஒரு அன்பர் எழுதியிருந்தார். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சென்னையில் புதுப்பேட்டையிலோ ஜிபி ரோட்டிலோ உதிரிபாகக் கடைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று முதன்மைத் தாரை கேட்டால் கிடைக்காது. காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருளுக்குக் கடையில் புழங்கும் பெயரே இருக்கட்டும்: மெயின் ஜெட், ஸ்லோ ஜெட், ப்ளக், வாஷர். கோளாறுகளின் பெயரில்தான் பட்டறைப் பேச்சு நமக்குப் போதவில்லை. 'பெட்ரோல் இறங்கல', 'இழுக்க மாட்டேங்குது', 'மிஸ்ஸிங் அடிக்குது' என்று சொல்வார்கள். இந்த மூன்றும் எந்தக் கோளாறுக்கும் பொருந்தும். கைப்பழக்கம் உள்ள மெக்கானிக்குக் காதிலேயே தெரிந்துவிடும், புத்தகம் பார்த்துச் செய்கிறவருக்குத் தெரியாது.

உதாரணமாக, கிண்ணத்துக்கே பெட்ரோல் வராத நிலையும் கிண்ணம் நிறைந்திருந்தும் எஞ்சினுக்குப் போதாத நிலையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தோன்றும். முதலாவதற்கு 'வரத்துக்குறை' என்ற சொல்லை முன்வைக்கிறேன். ஏரிக்கு நீர்வரத்து இல்லை என்கிறோமே, அதேதான். வரத்துக்குறை உள்ள வண்டி ஸ்டார்ட் ஆகும், ஊருக்குள் நன்றாக ஓடும், நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் விரட்டியதும் தம் கட்டி நிற்கும், ஓரமாக நிறுத்திவைத்தால் கிண்ணம் மெல்ல நிறைந்து மறுபடி கிளம்பும். முதலில் பார்க்க வேண்டியது டேங்க் மூடியின் காற்றுத் துளை. அது அடைந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காது. மூடியைத் திறந்ததும் 'புஸ்'ஸென்று காற்று உள்ளே போனால் ஆள் அகப்பட்டான். அப்புறம் பெட்ரோல் டேப்பின் சல்லடை. கார்பரேட்டர் முனையில் குழாயைக் கழற்றி, மூடி போட்டபடியும் மூடியைத் திறந்தும் ஓட்டத்தை ஒப்பிட்டால் போதும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பக்கத்தில் பீடி கூடாது.

இதே வழியில் ஃப்ளோட் நீடிலை 'மதகூசி' எனலாமா? மிதவை ஏறும்போது வரத்தை அடைப்பதும் இறங்கும்போது திறப்பதும் அதன் வேலை. மதகூசியின் முனை தேய்ந்தாலோ அடியில் தூசி சிக்கினாலோ மிதவைக்குள்ளேயே பெட்ரோல் புகுந்துவிட்டாலோ ஓவர்ஃப்ளோ. மிதவையைக் கழற்றிக் காதருகே குலுக்கினால் உள்ளே சளசளக்கும். இந்தப் பெயரால் இன்னொரு நன்மையும் உண்டு. கார்பரேட்டரில் ஊசி இரண்டு: இது ஒன்று, ஸ்லைடில் (த்ராட்டிலோடு ஏறியிறங்கும் உருளை) தொங்குகிற நீள ஊசி இன்னொன்று. 'ஊசியைச் சோதி' என்று மொட்டையாக எழுதினால் எந்த ஊசி என்று தெரியாது. போதாக்குறைக்கு நீடில் ஜெட், ஜெட் நீடில் என்று முன்பின்னாக இரண்டு பெயர்கள் வேறு. ஸ்லைடில் தொங்குவதை வெறும் 'ஊசி' என்றும், அது ஏறியிறங்கும் பித்தளைக் குழலை 'ஊசிக்குழல்' என்றும், கிண்ணத்தில் இருப்பதை 'மதகூசி' என்றும் வைத்தால் குழப்பம் தீரும்.

ஊசி பற்றி ஒரு எச்சரிக்கை. அதன் தலையில் 5 காடிகள் (வளையப் பள்ளங்கள்) இருக்கின்றன, ஒன்றில் க்ளிப் உட்காரும். க்ளிப்பை மேல் காடிக்கு ஏற்றினால் ஊசி கீழே இறங்கும், கால் முதல் முக்கால் த்ராட்டில் வரை கலவை குறையூட்டமாகும். 'ஒரு காடி ஏற்று' என்று எழுதினால் க்ளிப்பையா ஊசியையா என்று தெரியாது, இரண்டும் எதிரெதிர் விளைவு. 'ஊசியை ஏற்று' என்று மட்டுமே எழுதுவது என்று முடிவெடுப்போம்.

இப்போது ஐட்லிங்கில் கலவையைச் சரிசெய்யும் திருகு. நம் கலைச்சொல் வரைவுப் பட்டியலில் 'கலவைத் திருகு' என்று ஒரே சொல் இருக்கிறது, அதைப் பிரித்தே ஆக வேண்டும். மிக்கார்ப் விஎம் வகையில் அந்தத் திருகு ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கிறது, காற்றைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே திருகினால் காற்று கூடிக் குறையூட்டமாகும். வேறு பல கார்பரேட்டர்களில் திருகு எஞ்சின் பக்கம் இருக்கும், அங்கே வெளியே திருகினால் எரிபொருள் கூடி மிகையூட்டமாகும். முன்னதைக் 'காற்றுத் திருகு' என்றும் பின்னதைக் 'கலவைத் திருகு' என்றும் எழுதினால் எந்தப் பக்கம் திருப்புவது என்பதைப் பெயரே சொல்லிவிடும்.

'காற்றுக்கசிவு' என்ற பதிவையும் நீக்கச் சொல்வேன். கசிவு என்றால் உள்ளிருந்து வெளியே. கார்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே பேக்கிங் போனால் காற்று உள்ளே புகும். 'ஏர் எடுக்குது' என்று பட்டறையில் சரியான திசையில்தான் சொல்கிறார்கள். 'காற்றுப் புகல்' என்று வைக்கலாம். ஐட்லிங்கில் ஓடும்போது அந்த இணைப்பில் தண்ணீரை லேசாகத் தெளித்து எஞ்சின் ஓட்டம் மாறினால் அங்கேதான் புகுகிறது. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் வேகம் சட்டென்று இறங்காமல் தொங்குவது, ப்ளக் வெளுத்திருப்பது, சோக் இழுத்தால் வண்டி தெளிவது எல்லாம் குறையூட்டத்தின் குறிகள். ப்ளக்கில் உலர்ந்த கரி, சைலன்சரில் கறுப்புப் புகை என்றால் மிகையூட்டம். ப்ளக் கறுப்பாக இருந்தாலும் எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரமாக இருந்தால் கார்பரேட்டரை விட்டுவிட்டு பிஸ்டன் ரிங்கைப் பாருங்கள்.

சோக் விஷயத்தில் 'மூச்சடைப்பி', 'காற்றடைப்பான்' இரண்டுமே நம் வண்டிக்குப் பொருந்தாது. சில கார்பரேட்டர்களில் காற்று வழியை அடைக்கும் தகடு உண்டு, அங்கே சரி. விஎம் வகையில் அந்த நெம்புகோல் எதையும் அடைப்பதில்லை. தனியாக ஒரு சிறு வழியைத் திறந்து கூடுதல் பெட்ரோல் விடுகிறது. அந்த வழியை மூடும் உருளையின் அடிரப்பர் தேய்ந்தால், சோக் போடாமலே சோக் போட்ட மாதிரி எப்போதும் மிகையூட்டமாக ஓடும். 'காற்றடைப்பான்' என்று படித்தவர் அங்கே தேடவே மாட்டார். நெம்புகோலுக்குச் 'சோக்' இருக்கட்டும். உள்ளே இருக்கும் அமைப்புக்குத் 'தொடக்கூட்டி' (தொடக்கத்தில் ஊட்டுவது) எப்படி? பழைய அமல் கார்பரேட்டரில் மிதவையை விரலால் அமுக்கிப் பெட்ரோலைப் பொங்கவிடும் பித்தானை 'மிதவை அமுக்கி' என்றே எழுதிவிடலாம்.

இலங்கை அன்பர்கள் 'பெற்றோல்' என்று எழுதுவதை அப்படியே விடலாம், இணைய வடிவில் இரண்டு எழுத்துக்கும் தேடல் வேலை செய்தால் போதும்.

எனக்கு ஒன்றில் மட்டும் சொல் அகப்படவில்லை. ஸ்லைடின் அடிவிளிம்பில் ஏர் ஃபில்டர் பக்கமாகச் சாய்த்து வெட்டியிருப்பார்களே, கட்அவே. அரைக்கால் முதல் கால் த்ராட்டில் வரை கலவையைத் தீர்மானிப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு, வெட்டு உயர்ந்தால் குறையூட்டம். 'சாய்வெட்டு' என்று எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. லேத் பட்டறையில் இந்த மாதிரி வெட்டுக்கு ஏதாவது பெயர் புழங்குகிறதா? தெரிந்தவர்கள் இந்த இழையிலேயே எழுதுங்கள், ஜெட் அத்தியாயத்தை அதற்குள் திருத்தி அனுப்புகிறேன்.