பிரெஞ்சு வினைச்சொல் அட்டவணையை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டுமா?

காடுகோடி பயணி:
வணக்கம். பெங்களூரில்தான் வார இறுதி வகுப்பில் பிரெஞ்சு ஏ1 (தொடக்க நிலை) சேர்ந்திருக்கிறேன். ஆபீசில் பிரெஞ்சு டீமோடு தினமும் கால் இருக்கிறது, கொஞ்சமாவது பேசலாமே என்று ஆசை. போன்ஜூர், மெர்சி வரை ஜாலியாகத்தான் போனது, வினைச்சொல் வந்ததும் மாட்டிக்கொண்டேன். ஒவ்வொரு வாரமும் ஆறு வரி அட்டவணைகள், ஒன்று மனதில் நிற்பதற்குள் அடுத்தது. மெட்ரோ பர்ப்பிள் லைனில் உட்கார்ந்து "ஜ பார்ல், த்யூ பார்ல்" (நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய்) என்று முணுமுணுத்தால் பக்கத்து சீட்காரர் ஒரு மாதிரி பார்க்கிறார். வகுப்பில் கேட்டால் அட்டவணையை மேலிருந்து ஓட்டித்தான் 'வூ'வுக்கு (நீங்கள்) வந்து சேர முடிகிறது. வேறு வழி உண்டா? டெல்ஃப் ஏ1 என்ற பிரெஞ்சு மொழித் தேர்வும் எழுத வேண்டும். கன்னடம் ஓரளவு பேசுவேன், அதை எந்த அட்டவணையும் பார்த்துக் கற்கவில்லை.

அல்சூர்க்காரன்:
கடைசி வரியிலேயே பதில் இருக்கிறதே. "பர்தீரா" (வருவீர்களா) என்று கன்னடத்தில் கேட்டு ஆட்டோவை நிறுத்தும்போது அது முன்னிலைப் பன்மையா மரியாதையா என்று யார் பார்த்தோம்? கேள்வியையும் பதிலையும் ஜோடியாகப் பிடியுங்கள். "வூ பார்லே ஃப்ரான்சே?" "உய், ஜ பார்ல் ஃப்ரான்சே." (பிரெஞ்சு பேசுவீர்களா? ஆமாம், பேசுவேன்.) பேச்சில் பாதிக்கு மேல் இந்த வூ–ஜ மாற்றம்தான்.

அப்புறம் காதைத் திறந்து கேளுங்கள். எழுத்தில்தான் அது ஆறு வரி. ஜ, த்யூ, இல் (அவன்), பன்மை இல் (அவர்கள்) நான்குக்கும் உச்சரிப்பு ஒரே 'பார்ல்'. நூ (நாம், நாங்கள்) வந்தால் 'பார்லோன்', வூ வந்தால் 'பார்லே', அவ்வளவுதான். அன்றாடப் பேச்சில் அவர்கள் 'நூ'வைக்கூட அதிகம் தொடுவதில்லை, 'ஓன் பார்ல்' என்றே சொல்லிவிடுவார்கள், அதுவும் பார்ல்தான். நமக்கு ஒரே ஆபத்து, 'நான்' என்று சொல்லாமலேயே 'பேசுகிறேன்' என்று முடித்துப் பழகியவர்கள் நாம். அங்கே விகுதி காதில் விழாது, ஆகவே 'ஜ'வை விட்டால் யார் பேசுகிறார் என்றே தெரியாது. ஒட்டியே சொல்லிப் பழகுங்கள். த்யூவும் வூவும் நம் நீ, நீங்கள்தான், அதில் இங்கிலீஷ்காரர்கள் படும் பாடு நமக்கு இல்லை.

ரெண்டு பிள்ளை அம்மா:
அல்சூர்க்காரன் அண்ணா சொல்வது பேச்சுக்குச் சரி, தேர்வுக்குப் போதாது. டெல்ஃப் ஏ1-ல் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தம் 50 வாங்கினால் தேர்ச்சி, ஆனால் எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. எழுதும்போது காதில் கேட்காத எஸ், இஎன்டி எல்லாம் தாளில் வந்தாக வேண்டுமே. என் பெரியவள் பள்ளியில் பிரெஞ்சு எடுத்திருக்கிறாள். அட்டவணையைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன், ஆனால் மேலிருந்து கீழே ஒப்பிப்பதை முதலில் நிறுத்துங்கள். ஒரு டப்பாவில் ஜ, த்யூ, நூ என்று சீட்டு, இன்னொன்றில் வினைச்சொல் சீட்டு, இரண்டிலும் ஒன்று எடுத்து உடனே ஒரு வாக்கியம் எழுத வேண்டும். வீட்டில் இப்படித்தான் ஓடுகிறது, சின்னவனே இப்போது திருத்துகிறான்.

பிரெஞ்சு டீச்சர்:
இரண்டு பேர் சொல்வதும் வேண்டும். முதலில் எத்ர் (இரு), அவ்வார் (வைத்திரு), அலே (போ), ஃபேர் (செய்) நான்கையும் கண்ணை மூடிக்கொண்டு படியுங்கள், அவை ஒழுங்கில்லாதவை, ஆனால் அவை இல்லாமல் ஒரு நிமிடம்கூடப் பேச முடியாது. பன்மை இல்லில் சோன், ஓன், வோன், ஃபோன் என்று அவையே எதுகை போட்டு நிற்கும். வூவுக்கு 'எத்' (இருக்கிறீர்கள்), 'ஃபெத்' (செய்கிறீர்கள்), 'தித்' (சொல்கிறீர்கள்) மூன்றைத் தவிர மற்ற எல்லா வினையும் எழுத்தில் இசட்டில்தான் முடியும். மீதியில் பத்துக்கு ஒன்பது வினை பார்லே (பேசு) மாதிரிதான், அலே ஒன்றுதான் அந்தக் கூட்டத்தில் சொன்ன பேச்சு கேட்காதது. புதிதாக வரும் சொற்களும் இதில்தான் சேரும், நாம் 'லைக் பண்ணு' என்பதை அவர்கள் 'லைக்கே' ஆக்கிக்கொள்கிறார்கள்.

மற்ற வினைகளில் ஒருமை, பன்மை வித்தியாசம் காதில் விழும். ஒருமையில் 'இல் ஃபினி' (முடிக்கிறான்), பன்மையில் 'இல் ஃபினிஸ்' (முடிக்கிறார்கள்). அப்படியே 'இல் வான்' (விற்கிறான்), 'இல் வாந்த்' (விற்கிறார்கள்). ஒருமையில் விழுங்கிய மெய் பன்மையில் வெளியே வருகிறது, இதைப் பிடித்துக்கொண்டால் பாதி அட்டவணை தேவையில்லை.

காடுகோடி பயணி:
அனைவருக்கும் நன்றி. டப்பா இன்றே தயார். ஒரு சந்தேகம், 'பேசிக்கொண்டிருக்கிறேன்' என்பதற்கு 'இருக்கிறேன்' என்ற 'ஜ சுயி'யைச் சேர்த்து 'ஜ சுயி பார்லே' என்று வருமா? 'பேசப் போகிறேன்' எப்படி? இந்த 'பார்லே'யை எங்கே எப்படி எழுதுவது என்றும் குழப்பமாக இருக்கிறது.

பிரெஞ்சு டீச்சர்:
'ஜ சுயி பார்லே' வேண்டவே வேண்டாம். பேசுகிறேன், பேசிக்கொண்டிருக்கிறேன் இரண்டுக்கும் 'ஜ பார்ல்' போதும். பேசப் போகிறேன் என்பது 'ஜ வே பார்லே', 'போகிறேன்' சேர்த்து நம்மைப் போலவேதான் கட்டுகிறார்கள், எதிர்காலத்துக்கு இப்போதைக்கு இது ஒன்று போதும். பேசினேன் என்றால் 'ஜே பார்லே'. காதுக்கு இரண்டிலும் அதே பார்லே, எழுத்தில் ஒன்று இஆர், மற்றது மேலே கோடு போட்ட இ. சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் 'விற்க' என்ற வினையைப் போட்டுப் பாருங்கள். 'வாந்த்ர்' பொருந்தினால் இஆர், 'வாந்த்யூ' பொருந்தினால் கோடு. பிரான்சில் பள்ளிப் பிள்ளைகளும் இப்படி வேறொரு வினையைப் போட்டுப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள்.