புதுப்பிப்பு: ஹேங் ஆகிக்கொண்டிருந்த டெஸ்க்டாப் – கோளாறு சாட்டா கேபிளில்

வீட்டு டெஸ்க்டாப் திடீர் திடீரென்று ஹேங் ஆகிறது, மவுஸ் மட்டும் நகர்கிறது, கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிவிடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். ராமையும் (கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகம்) சூட்டையும் பார்க்கச் சொன்னீர்கள். இரண்டிலும் குறை இல்லை. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் இரவு முழுக்க ஓடியும் ஒரு பிழைகூடக் காட்டவில்லை.

துப்பு கிடைத்தது, விண்டோஸ் குறித்துவைக்கும் பிழைகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில்தான். ஹேங் ஆன நேரங்களில் எல்லாம் ஸ்டோர்ஏஹெச்சிஐ (டிரைவோடு பேசும் விண்டோஸ் மென்பொருள்) பெயரில் 129 என்ற எச்சரிக்கை பதிவாகியிருந்தது. எஸ்எஸ்டி (தரவைச் சேமித்துவைக்கும் டிரைவ்) பதில் தராததால் விண்டோஸ் அதை ரீசெட் செய்கிறது என்று பொருள். உடனே போட்டோக்களையெல்லாம் வெளி டிரைவில் பேக்கப் எடுத்தேன். தயவுசெய்து நீங்களும் முதலில் அதைச் செய்யுங்கள்.

அப்புறம் டிரைவின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளை ஓட்டினேன். கெட்டுப்போன செக்டர்களைக் காட்டும் 05 என்ற வரியில் பூஜ்யம். ஆனால் சி7 என்ற வரியில் எண் ஏறிக்கொண்டே இருந்தது. எஸ்எஸ்டிக்கும் மதர்போர்டுக்கும் இடையில் போகும் தரவு சிதைந்தால் கூடும் எண் அது. கேபினட்டைத் திறந்தால், அந்த இரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிள் பக்கத் தகட்டில் முட்டி மடங்கிக் கிடந்தது. விரல் பட்டாலே முனை ஆடியது. பூட்டுக் கொக்கி வைத்த புதுக் கேபிள் மாட்டினேன்.

அதோடு ஹேங் நின்றது. எஸ்எஸ்டியையே மாற்றச் சொன்னார் கடைக்காரர், அதற்குத் தேவையே இருக்கவில்லை. ஒன்று மட்டும்: கேபிளை மாற்றினாலும் சி7 பழைய எண்ணிலேயே நிற்கும், பயப்பட வேண்டாம். மேலும் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.