பழைய மல்டிபர்பஸ் மெஷின்: மோட்டார் மாற்றியதிலிருந்து எம்சிபி விழுகிறது, பலகை கருகுகிறது (அவசரம்)

மரவேலை_முத்து
வணக்கம் நண்பர்களே, கொஞ்சம் அவசரம். பழைய மல்டிபர்பஸ் மெஷின் ஒன்று வாங்கினேன். இழைப்பு, சர்க்குலர் ரம்பம், பக்கவாட்டில் துளை போடுவது மூன்றும் ஒன்றிலேயே இருக்கும், எல்லாருக்கும் தெரிந்த மாடல்தான். சின்னப் பட்டறை என்பதால் மோட்டாரை மட்டும் மாற்றினேன். இப்போது ஸ்விட்ச் போட்டால் ரொம்ப நேரம் உறுமுகிறது, பாதித் தடவை எம்சிபி (கரண்ட் அதிகமானால் தானாக அணையும் ஸ்விட்ச்) விழுந்துவிடுகிறது. வேகம் பிடித்துவிட்டால் ஓடுகிறது, ஆனால் பலகை அங்கங்கே கருகுகிறது, பேரிங் மேல் கை வைக்க முடியவில்லை. நிலைக்கதவு ஆர்டர் கையில் நிற்கிறது. அப்படியே ரம்பத்தில் 12 இஞ்ச் பிளேடு போடலாமா என்றும் சொல்லுங்கள், இப்போது இருப்பது 10.

கோவை_வைண்டிங்
எத்தனை ஹெச்பி? சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா? முன்னால் இருந்த மோட்டார் என்ன? மீட்டரிலிருந்து மெஷின் வரை எவ்வளவு தூரம், என்ன வயர்? மாற்றினேன் என்று மட்டும் சொன்னால் நாங்கள் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

தேக்கு_தாசன்
பலகை கருகினாலே கத்தி மழுங்கிவிட்டது, இல்லை ஏற்ற இறக்கமாக உட்கார்ந்திருக்கிறது. மோட்டாரை விடுங்கள். மெயினை அணைத்துவிட்டு, மரம் வெளியே வரும் பக்கத்து மேசையில் நேரான மரச்சட்டம் ஒன்றை வைத்து, கத்தி பூட்டிய கட்டரைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். கத்தி சட்டத்தைத் தொட்டு ஒரு 3 மிமீ முன்னே தள்ளிவிட்டுப் போக வேண்டும். இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று மூன்று இடத்திலும் அதே 3 மிமீ வந்தால் சரி. ஒரு ஓரத்தில் 6, இன்னொரு ஓரத்தில் தொடவே இல்லை என்றால் வேறு காரணமே தேட வேண்டாம். பத்தில் எட்டு மெஷினில் இதுதான் வியாதி.

பழைய_இரும்பு
தம்பி, எல்லாருக்கும் தெரிந்த மாடல் என்று ஒன்று கிடையாது. ராஜ்கோட்டில் ஒரு மாதிரி வார்ப்பார்கள், பட்டாலாவில் ஒரு மாதிரி வார்ப்பார்கள், பெயிண்ட் மட்டும்தான் ஒரே பச்சை. இங்கே வருகிறவர்கள் ஃபோட்டோ போடாமல் கேட்பதும், நாங்கள் இருட்டில் கை விட்டுத் துழாவுவதும் வாடிக்கையாகிவிட்டது. தேடிப் பார்த்தால் நான் எழுதிய பழைய பதில்களிலேயே எல்லாம் இருக்கும். கிடைத்ததைக் கழற்றிக் கிடைத்ததை மாட்டுவதற்குப் பெயர் மாடிஃபிகேஷன் இல்லை.

மரவேலை_முத்து
2 ஹெச்பி சிங்கிள் பேஸ் அண்ணா. முன்னால் இருந்தது 3 ஹெச்பி த்ரீ பேஸ், அதைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டு இதைக் கொடுத்தார். வயர் 2.5, வீட்டு மீட்டரிலிருந்து பின்னால் ஷெட் வரை 30 மீட்டர் இருக்கும். கத்தி புதிதாகத் தீட்டியது. ஃபோட்டோ இரவு போடுகிறேன்.

கோவை_வைண்டிங்
இப்போது வழிக்கு வந்தீர்கள். 2 ஹெச்பி சிங்கிள் பேஸ் முழு லோடில் 10 ஆம்பியர் பக்கம் இழுக்கும், கிளம்பும்போது அதைப் போல் 5, 6 மடங்கு. 2.5 ஸ்கொயர் (சதுர மிமீ) காப்பருக்குக் கிலோமீட்டருக்கு 7.4 ஓம். போக 30, வர 30, மொத்தம் 60 மீட்டருக்கு 0.44 ஓம். 60 ஆம்பியர் போனால் 26 வோல்ட் வயரிலேயே காலி. மாலை நேரத்தில் லைனிலேயே 210 இருந்தால் மோட்டாருக்குப் போய்ச் சேருவது 184. உறுமாமல் என்ன செய்யும்? 4 ஸ்கொயர் இழுங்கள். எம்சிபி பி டைப்பாக இருந்தால் சி டைப் போடுங்கள், பி என்பது 3 முதல் 5 மடங்கிலேயே விழுந்துவிடும். ஸ்டார்ட்டிங் கெபாசிட்டரையும் ஒரு தடவை செக் பண்ணிவிடுங்கள்.

சட்டம்_தெரிந்தவன்
வீட்டு மீட்டரில் பட்டறை ஓட்டுகிறீர்களா? மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126. அனுமதித்த காரியத்துக்கு இல்லாமல் வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால் அபராதக் கணக்கு போடுவார்கள். முதலில் தொழில் இணைப்புக்கு எழுதிக் கொடுங்கள்.

தேக்கு_தாசன்
அவர் எம்சிபி விழுகிறது என்கிறார், நீங்கள் அவரையே விழ வைக்கப் பார்க்கிறீர்கள்.

சட்டம்_தெரிந்தவன்
நாளைக்கு ஆள் வந்து சீல் வைத்தால் நீங்கள் வந்து பிரிப்பீர்களா?

பழைய_இரும்பு
சிங்கிள் பேஸ் மோட்டார் மரவேலைக்கு ஆகாது என்று நான் எத்தனையோ தடவை எழுதிவிட்டேன். அந்த 3 ஹெச்பியையே வைத்துக்கொண்டு ஒரு விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) வாங்கியிருந்தால் சிங்கிள் பேஸிலேயே ஓடியிருக்கும், மெதுவாக ஸ்டார்ட் ஆகும், வேகமும் வேண்டிய அளவுக்கு வைத்துக்கொள்ளலாம். படித்துவிட்டு வாங்கும் பழக்கம் யாருக்கும் இல்லை.

கோவை_வைண்டிங்
இரும்பு சார், பாதி உண்மையைச் சொல்லாதீர்கள். 220 வோல்ட் சிங்கிள் பேஸில் ஓடும் டிரைவ் வெளியே கொடுப்பதும் 220 வோல்ட் த்ரீ பேஸ்தான். நம் ஊர் 3 ஹெச்பி மோட்டார் 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் (மூன்று வைண்டிங்கும் ஒரே புள்ளியில் சேரும்படி) கட்டியது. அதை 220க்கு ஏற்ற டெல்டாவாக (மூன்றும் வளையமாகச் சேரும்படி) மாற்ற ஆறு முனையும் வெளியே வந்திருக்க வேண்டும். டெர்மினல் பாக்ஸைத் திறந்தால் பெரும்பாலும் மூன்றுதான் இருக்கும், ஸ்டார் பாயிண்ட் வைண்டிங்குக்குள்ளேயே புதைந்திருக்கும். வார்னிஷைச் சுரண்டி அதைத் தேடி எடுப்பது எங்களைப் போன்றவர்கள் வேலை, வாங்கி மாட்டும் வேலை இல்லை.

பழைய_இரும்பு
தெரியாமல் எழுதவில்லை. அது விவரம், நான் சொன்னது கொள்கை.

யாழ்_கடைசல்
தம்பி, பெல்ட்டைக் கழட்டிப்போட்டுக் கட்டரைக் கையால சுத்திப் பாருங்கோ. இறுக்கமா, கரகரப்பா? பழைய மெஷின் என்றால் பால் பேரிங்தான் இருக்க வேண்டும் என்றில்லை, வெள்ளீயம் வார்த்த பேரிங்காகவும் இருக்கும். அதுக்கு கிரீஸ் இல்லை, எண்ணெய்தான் விடவேணும். பெல்ட் தட்டையா, வி பெல்ட்டா என்றும் சொல்லவில்லையே நீங்கள். புது மோட்டார் பூட்டினவுடன் பெல்ட்டை இழுத்து இறுக்கிப்போட்டாலும் பேரிங் கொதிக்கும்.

லேத்_செல்வி
மூன்று எண்கள் மட்டும் வேண்டும். மோட்டார் நேம்பிளேட்டில் ஆர்பிஎம் எவ்வளவு? மோட்டார் புல்லி விட்டம்? கட்டர் புல்லி விட்டம்?

மரவேலை_முத்து
பால் பேரிங்தான், தட்டை பெல்ட். கையால் சுற்றினால் லேசாகத்தான் இருக்கிறது. 12 இஞ்ச் பற்றி யாரும் சொல்லவில்லையே. நிலைச்சட்டம் 4 இஞ்ச் கனம், 10 இஞ்ச் பிளேடில் ஒரே ஓட்டத்தில் அறுபடவில்லை.

லேத்_செல்வி
அந்த மூன்று எண்களைச் சொன்னால் 12க்கும் பதில் அதிலேயே வரும்.

தேக்கு_தாசன்
4 இஞ்ச் கனத்துக்கு 12 எதற்கு? சட்டத்தைப் புரட்டிப் போட்டு இரண்டு பக்கமும் பாதி பாதியாக அறுத்துவிட்டு இழைப்பில் ஒரு ஓட்டு ஓட்டினால் முடிந்தது. இன்னொன்று, கத்தியைப் பிடித்திருக்கும் கட்டர் பிளாக் சதுரமா, உருளையா? சதுரம் என்றால் அதை முதலில் மாற்றுங்கள்.

பழைய_இரும்பு
ஏன் மாற்ற வேண்டும்? சதுர பிளாக்தான் அந்த மெஷினின் உயிர். ஒரிஜினலைக் கழற்றிவிட்டுக் கடையில் விற்கிற உருளையைப் போட்டால் அப்புறம் அது பழைய மெஷினே இல்லை. 1897ல் லெஸ்டரில் தொடங்கிய வாட்கின் கம்பெனி மெஷினைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் ஒரு நட்டை மாற்ற எனக்கு மனசு வராது.

தேக்கு_தாசன்
நீங்கள் துடைத்துத் துடைத்துப் பார்ப்பதற்கு வைத்திருக்கிறீர்கள், அவர் கதவு செய்ய வைத்திருக்கிறார். சதுர பிளாக்கில் மூலைக்கும் மூலைக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கும், விரல் போனால் உள்ளே இழுத்துக்கொள்ளும். உருளையில் நுனிச் சதையோடு போகும், சதுரத்தில் விரலே போகும். நீங்கள் கொண்டாடுகிற வாட்கின் பிறந்த பிரிட்டனிலேயே 1922ல் விதி போட்டுவிட்டார்கள், கையால் தள்ளி இழைக்கிற மெஷினில் உருளை பிளாக்தான் இருக்க வேண்டும் என்று. நூறு வருஷம் ஆகிவிட்டது.

பழைய_இரும்பு
கவனமாக வேலை செய்கிறவனுக்கு விரல் போகாது.

யாழ்_கடைசல்
அப்பிடிச் சொன்ன பெரியவர்கள் இரண்டு பேரைத் தெரியும். ரெண்டு பேரும் தேத்தண்ணி கோப்பையை இடக்கையால்தான் பிடிப்பினம்.

சட்டம்_தெரிந்தவன்
மல்டிபர்பஸ் வாங்குவதே தப்பு என்பது என் கருத்து. ரம்பத்திலிருந்து இழைப்புக்கு, இழைப்பிலிருந்து துளைக்கு என்று மாற்றி மாற்றி செட் பண்ணுவதிலேயே பொழுது போய்விடும்.

தேக்கு_தாசன்
10க்கு 12 ஷெட்டில் மூன்று மெஷினை எங்கே வைப்பது, தலைமேலா? அமெரிக்காவில் 1947லேயே ஷாப்ஸ்மித் 10இஆர் என்று வீட்டுப் பட்டறைக்கென்றே விற்றார்கள். லேத், ரம்பம், டிரில் எல்லாம் ஒரே மோட்டாரில். இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

லேத்_செல்வி
அதில் வேலைக்குத் தகுந்த மாதிரி வேகத்தை மாற்றிக்கொள்ளலாம். நம் ஊர் மெஷினில் கட்டர் பிளாக், ரம்பம், துளை போடும் சக் மூன்றும் பெரும்பாலும் ஒரே சாஃப்ட்டில் நிற்கும். ஒரே வேகம்தான் எல்லாவற்றுக்கும். அதனால்தான் அந்த எண்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். முத்து, இருக்கிறீர்களா?

மரவேலை_முத்து
மன்னிக்கவும் அக்கா, வெளியே போயிருந்தேன். நேம்பிளேட் மேல் பெயிண்ட் அடித்திருந்தார்கள், சுரண்டிப் பார்த்தேன், 2880 என்று இருக்கிறது. மோட்டார் புல்லி 8 இஞ்ச், கட்டர் பக்கம் இரண்டரை. பழைய மோட்டாரில் இருந்த புல்லியைத்தான் இதில் போட்டேன், துளை கொஞ்சம் பெரிதாக இருந்தது, பால் டின் தகட்டை வெட்டிச் சுற்றி அடித்து ஏற்றிவிட்டேன். ரம்பமும் கட்டரும் ஒரே சாஃப்ட்தான்.

லேத்_செல்வி
ஸ்விட்சைத் தொடாதீர்கள். ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பழைய 3 ஹெச்பி அநேகமாக 1440 ஆர்பிஎம் மோட்டார். 1440ஐ 8ஆல் பெருக்கி இரண்டரையால் வகுத்தால் 4608. இழைப்புக்கு அது சரியான வேகம், அந்த 8 இஞ்ச் புல்லி அந்த மோட்டாருக்காகச் செய்தது. இப்போது அதே புல்லியை 2880 மோட்டாரில் மாட்டியிருக்கிறீர்கள். 9216. கணக்குப்படி கட்டர் இரண்டு மடங்கு வேகம் போகப் பார்க்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் கத்தியை வெளியே இழுக்கும் விசை நான்கு மடங்கு. அதைப் பிடித்து வைத்திருப்பது நாலு போல்ட்.

நீங்கள் சொன்ன எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. அந்த வேகத்துக்குக் கொண்டுவர நான்கு மடங்கு சக்தி வேண்டும், மோட்டாரோ 3 ஹெச்பிக்குப் பதில் 2. அதனால்தான் உறுமுகிறது, எம்சிபி விழுகிறது. கத்தி மரத்தைச் சீவுவதைவிடத் தேய்ப்பதுதான் அதிகம், அதனால் கருகுகிறது. பேரிங் சூடு தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பிளேடு: 10 இஞ்ச் பிளேடின் விளிம்பு 4608 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 61 மீட்டர் போகும், அதுவே கொஞ்சம் அதிகம்தான். 9216 என்றால் 122. பிளேடிலேயே அதிகபட்ச ஆர்பிஎம் அச்சிட்டிருப்பார்கள், எடுத்துப் பாருங்கள். டிசிடி (கார்பைடு நுனி வைத்த) பல் ஒன்று கழன்று வந்தால் முகத்துக்குத்தான் வரும். 12 இஞ்ச் பிளேடுக்கு 3000 ஆர்பிஎம் போதும், வினாடிக்கு 48 மீட்டர் வந்துவிடும். இந்த சாஃப்ட்டில் 4608க்கே அது 73க்குப் போகிறது. ஆகவே 12 வேண்டாம். தாசன் அண்ணன் சொன்ன மாதிரி புரட்டிப் போட்டு அறுங்கள். முழுக் கனமும் ஒரே ஓட்டத்தில் போகும்போது பிளேடுக்குப் பின்னால் பிளந்த மரம் மூடாமல் இருக்கத் தகடு ஒன்றும் நிற்க வேண்டும், இல்லையென்றால் சட்டம் பிளேடைக் கவ்வி உங்கள் வயிற்றுக்கே திரும்பி வரும்.

தீர்வு சின்னதுதான். மோட்டாருக்கு 4 இஞ்ச் புல்லி. 2880ஐ 4ஆல் பெருக்கி இரண்டரையால் வகுத்தால் மறுபடி 4608. பெல்ட்டின் வேகமும் பழையபடியே இருக்கும், நீளம் மட்டும் குறையும். புல்லியை உங்கள் மோட்டார் சாஃப்ட்டை அளந்து, சரியாகத் துளை கடைந்து, சாவி (புல்லி சாஃப்ட்டில் வழுக்காமல் பிடிக்கும் துண்டு) வெட்டிப் போடச் சொல்லுங்கள். அந்தப் பால் டின் தகட்டை வைத்து இன்னொரு தடவை ஓட்டாதீர்கள். வார்ப்பிரும்பு புல்லி 8 இஞ்ச் 2880ல் சுற்றினால் விளிம்பு வினாடிக்கு 30 மீட்டரைத் தாண்டும், வார்ப்பிரும்புக்கு அதற்கு மேல் போகக்கூடாது என்பார்கள், மையம் விலகியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

கோவை_வைண்டிங்
சரியான கணக்கு அம்மா. ஆனால் வயரையும் 4 ஸ்கொயர் ஆக்கட்டும், நான் சொன்னதும் தப்பில்லை.

லேத்_செல்வி
தப்பென்று சொல்லவில்லை அண்ணா. அதையும் செய்யட்டும். 2 ஹெச்பிதான் என்பதால் அகலப் பலகையில் ஒரு ஓட்டுக்கு 1 மிமீக்கு மேல் இறக்க வேண்டாம்.

தேக்கு_தாசன்
கத்தி மட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வேகத்தில் ஓடினதால் போல்ட்டும் இழுபட்டிருக்கும், நான்கையும் புதிதாக மாற்றுவது நல்லது.

பழைய_இரும்பு
நான் முதலிலேயே சொன்னேன், கிடைத்ததைக் கிடைத்ததில் மாட்டக்கூடாது என்று.

யாழ்_கடைசல்
நீங்கள் சொன்னது எல்லாருக்கும் எப்பவும் பொருந்தும் ஐயா.

மரவேலை_முத்து
4 இஞ்ச் புல்லி கடைந்து போட்டாச்சு, வயரும் போல்ட்டும் மாற்றியாச்சு. எம்சிபி விழவில்லை, பேரிங் வெதுவெதுப்போடு நிற்கிறது, கருகல் இல்லை. செல்வி அக்காவுக்கும் எல்லாருக்கும் நன்றி. வேலை இருக்கிறது, அப்புறம் வருகிறேன்.

லேத்_செல்வி
நல்லது. பழைய பிளேடைத் திரும்ப மாட்டும் முன் பல் அடியில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிளேடுக்குப் பின்னால் தகடு போட்டீர்களா?

தேக்கு_தாசன்
பிளாக் சதுரமா உருளையா என்று கடைசி வரை சொல்லவே இல்லை.

புதுப்பட்டறை
என்னிடமும் இதே மாதிரி மெஷின் இருக்கிறது. துளை போடும் பக்கம் சக்கில் 12 மிமீ பிட் மாட்டினால் நுனி ஆடுகிறது, துளையில் இறக்கும் கழுந்து லூசாகப் போகிறது. சக்கை மாற்றினால் போதுமா?

லேத்_செல்வி
சக்கைக் கழற்றிவிட்டு சாஃப்ட் நுனியில் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பாருங்கள், ஆட்டம் சாஃப்ட்டிலா சக்கிலா என்று தெரிந்துவிடும். தனி இழையாகப் போடுங்கள். மோட்டார் ஆர்பிஎம், இரண்டு புல்லி விட்டம், இதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.