இமயமலைக்கு உண்டு, நம்ம மலைக்கு ஏன் இல்ல?

மூணாறு மலையரசி:
சித்தூர் வாத்தியார் நேத்து எழுதினதப் படிச்சதுல இருந்து மனசு ஆறல. "2008-லயே பருவநிலை மாற்றத்துக்குத் தேசிய செயல்திட்டம் போட்டாச்சு, எட்டு இயக்கம் (மிஷன்) இருக்கு, மலைநாட்டுக்கு வேண்டியது எல்லாம் அதுல அடக்கம், சும்மா குறை சொல்லாதீங்க"ன்னு எழுதியிருந்தார். சார், அந்த எட்டையும் நானே சொல்றேன். சூரியசக்தி, எரிசக்திச் சிக்கனம், நகர வாழிடம், தண்ணீர், இமயமலை, பசுமை இந்தியா, விவசாயம், பருவநிலை பத்தின அறிவு. மலைன்னு பேர் சொல்லி வர்றது இமயமலை ஒண்ணுதான். மேற்குத் தொடர்ச்சி மலை எங்க சார்?

சித்தூர் வாத்தியார்:
அம்மா, தண்ணீர் இயக்கமும் விவசாய இயக்கமும் பாலக்காட்டுக்கும் இடுக்கிக்கும் சேர்த்துத்தான். பேர் போட்டு எழுதினாத்தான் திட்டமா? முதல்ல தகவமைப்பு, அதாவது மாறுற பருவநிலைக்கு ஏத்த மாதிரி முன்னாடியே தயாராகுறது வேற, பேரிடர் நிவாரணம் வேற, அதைப் புரிஞ்சுக்குங்க.

மூணாறு மலையரசி:
பேர் தேவையில்லன்னா இமயமலைக்கு மட்டும் ஏன் போட்டாங்க?

வண்டன்மேடு ஏலம்:
அங்க பனி உருகுது, கங்கையும் பிரம்மபுத்திராவும் அதை நம்பி ஓடுது. கோடிக்கணக்கான ஜனம். அதான் தனியா போட்டாங்க. இதுல என்ன பொறாமை?

மூணாறு மலையரசி:
கிருஷ்ணா, கோதாவரி, காவிரி, பெரியாறு, வைகை எல்லாம் எந்த மலையில பொறக்குதுன்னு ஏலக்காரர் சொல்லட்டும். இந்த ஜனமெல்லாம் கணக்குல வராதா?

கூடலூர் பாண்டி:
கம்பம் பள்ளத்தாக்கு பூரா பெரியாத்துத் தண்ணியிலதான் ரெண்டு போகம் நெல்லு. 1895-ல கட்டின முல்லைப் பெரியாறு அணை. சுப்ரீம் கோர்ட்டு 2014-ல 142 அடி தேக்கலாம்னு சொல்லியாச்சு. அதுக்கு மேல ஏத்த விடாம இழுத்தடிக்கிறவங்களப் பத்தி யாரும் பேசமாட்டேங்கிறீங்க.

வண்டன்மேடு ஏலம்:
பாண்டி அண்ணே, எல்லாத்துக்கும் அணையை இழுக்காதீங்க. அணைக்குக் கீழ இருக்குற ஜனங்களோட பயம் உங்களுக்குத் தெரியாது.

கூடலூர் பாண்டி:
உங்க ஏலத் தோட்டத்துல காய் எடுக்க விடியக்காலையில ஜீப்புல அடைஞ்சு மலையேறி வர்றது எங்க ஊர்ப் பொம்பளைங்க. அவங்க பயம் உங்களுக்குத் தெரியுமா?

மூணாறு மலையரசி:
ரெண்டு பேரும் கேள்விய விட்டு ஓடாதீங்க. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கத்துல பெட்டிமுடி. எஸ்டேட் தொழிலாளிங்க வரிசை வீடு, லயம்னு சொல்வோம், நாலு லயம் மண்ணோட போச்சு. கரண்ட் இல்ல, டவர் வேலை செய்யல, மலை இறங்கினது வெளிய தெரியறதுக்குள்ள விடிஞ்சுபோச்சு. 70 உசுரு. அத்தனையும் தேயிலைக் கொழுந்து கிள்ளுற தமிழ்க் குடும்பம். மறுநாள் கோழிக்கோடு கரிப்பூர்ல விமான விபத்து. அங்க செத்தவங்களுக்கு 10 லட்சம், எங்களுக்கு 5 லட்சம்னு அறிவிச்சாங்க. வாத்தியார் சொல்ற தேசிய செயல்திட்டம் போட்டு அப்ப பன்னெண்டு வருசம் ஆகியிருந்துச்சு. "இன்னைக்கு ராத்திரி லயத்துல படுக்காதீங்க"ன்னு சொல்ல ஒரு ஆள் வரல.

சித்தூர் வாத்தியார்:
நடந்தது பெருந்துயரம், எனக்கும் வலிக்குது. ஆனா இமயமலை இயக்கத்தை நடத்துறது அறிவியல் தொழில்நுட்பத் துறை. பெரும்பாலும் ஆராய்ச்சிதான் அது. அங்கயும் வீடு கட்டித் தரல. அந்த இயக்கம் இங்க வந்திருந்தா பெட்டிமுடி பிழைச்சிருக்கும்னு எதை வச்சு சொல்றீங்க?

மூணாறு மலையரசி:
ஆராய்ச்சியே வரட்டும் சார்! எந்தச் சரிவு எவ்வளவு மழைக்கு இறங்கும்னு கணக்குப் போட, எஸ்டேட்டுக்கு எஸ்டேட் மழைமானி வைக்க, அந்தக் கணக்கை ராத்திரியோட ராத்திரி லயத்துக்குச் சொல்ல ஆராய்ச்சி வேணாமா? இமயமலைக்கு வேணும், எங்களுக்கு வேணாமா?

சித்தூர் வாத்தியார்:
டில்லியை மட்டும் திட்டினா எப்படி? 2015-ல தகவமைப்புக்குன்னு தேசிய நிதி வந்துச்சு, நபார்டுங்கிற ஊரக வளர்ச்சி வங்கி வழியா. மாநிலம்தான் திட்டம் எழுதிக் கேக்கணும். கேரளா கேட்டது கடலோரத்துக் கைப்பாடு, பொக்காளி நெல்லுக்கு. தமிழ்நாடு கேட்டது மன்னார் வளைகுடாவுக்கு. மலைக்கு ரெண்டு பேருமே கேக்கல. அது யார் தப்பு?

மூணாறு மலையரசி:
நீங்களே என் கட்சிக்கு வந்துட்டீங்க. தேசியத் திட்டத்துல மலைன்னு பேர் இருந்திருந்தா மாநிலம் அந்தப் பேர்ல கேட்டிருக்கும். பேர் இல்லாத இடத்துக்கு யாரும் கேக்கமாட்டாங்க.

சித்தூர் வாத்தியார்:
நான் எந்தக் கட்சிக்கும் வரல. மாநிலம் கடமையைச் செய்யலன்னு சொன்னேன்.

வண்டன்மேடு ஏலம்:
பேரு பேருன்னு எத்தனை நாள் பேசுவீங்க? 2024 கோடையில வந்து பாத்தீங்களா? தார்ப்பாய் விரிச்சுத் தண்ணி தேக்குற படுதாக்குளம் அடி தெரிய வத்திப்போச்சு, லாரித் தண்ணி வாங்கி ஊத்தியும் ஏலச்செடி தட்டை தட்டையா மடங்கி விழுந்துச்சு. நிழலுக்குப் பச்சை வலை கட்ட வசதி இருந்தவன் தப்பிச்சான். ஒரு செடி வச்சு அது காய்க்க ரெண்டு மூணு வருசம். அதுவரைக்கும் கடனுக்கு வட்டி யாரு கட்டுவா? காப்பீட்டைப் பத்திப் பேசுங்க. எங்கயோ இருக்குற வானிலை நிலையத்துக் கணக்கை வச்சு என் தோட்டத்து நஷ்டத்தை அளக்குறாங்க.

கூடலூர் பாண்டி:
நிழல் மரத்துல கோடாலி வச்சது யாரு? மேற்குத் தொடர்ச்சி மலையைக் காப்பாத்தணும்னு காட்கில் குழு 2011-ல அறிக்கை கொடுத்துச்சு, அப்புறம் கஸ்தூரிரங்கன் குழு. அதை எதிர்த்து 2013-ல இடுக்கி பூரா ஹர்த்தால் நடத்தினீங்க. இப்ப வெயில் அடிக்குதுன்னு அழுதா?

வண்டன்மேடு ஏலம்:
ஹர்த்தால்ல நானும் நின்னேன், இன்னைக்கும் நிப்பேன். பட்டா இல்லாத எங்க நிலத்தையும் சேர்த்துப் பாதுகாக்க வேண்டிய சூழல் பகுதின்னு கோடு போட்டா யாரு சும்மா இருப்பா? ரிசார்ட்டுக்காரனை விட்டுட்டு ஒரு ஏக்கர்க்காரனைப் பிடிக்கிறதுதான் உங்க சூழல் பாதுகாப்பா?

மூணாறு மலையரசி:
அந்தக் கோடும் இன்னும் போட்டபாடில்ல. 2014-ல இருந்து அறிவிப்புக்கு வரைவு மேல வரைவு. ஆறாவது வரைவு 2024 ஜூலை 31, வயநாட்டுல மலை இறங்கின மறுநாள். இமயமலைக்கு இயக்கம், எங்களுக்கு வரைவு.

கூடலூர் பாண்டி:
1956-ல மாநிலம் பிரிச்சப்ப தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டோட வந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது, தங்கச்சி.

மூணாறு மலையரசி:
நீலகிரி தமிழ்நாட்டுலதானே அண்ணே இருக்கு? 2009 நவம்பர்ல அங்க மண் சரிஞ்சு நாப்பது பேருக்கு மேல செத்தாங்க. எல்லைக்கோட்டை மாத்தினா மலை நிக்குமா? ரெண்டு சர்க்காருக்கும் நாங்க கொழுந்து கிள்ளுற கை, அவ்வளவுதான்.

கூடலூர் பாண்டி:
சொந்த ஊரை விட்டுக் கொடுத்துப் பேசுறவங்ககிட்ட நான் என்ன சொல்ல.

மூணாறு மலையரசி:
எது என் சொந்த ஊர்னு நீங்க சொல்லவேண்டியதில்ல. நாலு தலைமுறையா இந்த மலையிலதான் புதைக்கிறோம்.

சித்தூர் வாத்தியார்:
மேற்குத் தொடர்ச்சி மலை மேம்பாட்டுத் திட்டம்னு எழுபதுகள்லயே மத்திய அரசு ஆரம்பிச்சது. யாருக்காவது ஞாபகம் இருக்கா?

மூணாறு மலையரசி:
அது இப்ப எங்க இருக்கு சார்? அதையும் மூடிட்டாங்க. இமயமலை இயக்கத்தை மூடினாங்களா?

சித்தூர் வாத்தியார்:
திரும்பத் திரும்ப அதே இமயமலை. தகவமைப்புன்னா என்னன்னு படிச்சிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்.

மூணாறு மலையரசி:
படிச்சிட்டுத்தான் கேக்குறேன். எட்டையும் வரிசையாச் சொன்னது நான், நீங்க இல்ல.

வண்டன்மேடு ஏலம்:
காப்பீட்டைப் பத்தி நான் கேட்டதுக்கு ஒருத்தரும் வாயைத் திறக்கல.

கூடலூர் பாண்டி:
மொதல்ல ஜீப்புல வர்ற பொம்பளைங்களுக்குக் கூலி பாக்கியைக் குடுங்க, அப்புறம் காப்பீடு கேளுங்க.