பெயர் வாசிப்பு நினைவேந்தல்: நடத்துவோர் குறிப்புகள்

பட்டியல் பிரிவு
அரசே கொன்றவர்களின் பெயர்களைப் பொது இடத்தில் ஒருவர் பின் ஒருவராக ஒலிவாங்கியில் வாசிக்கும் நிகழ்வுக்கான குறிப்புகள் இவை. முதலில் நேரக் கணக்கு. பெயர், வயது, தொழில், கொல்லப்பட்ட நாள், நான்கையும் நிதானமாகச் சொல்ல 12 முதல் 15 விநாடி பிடிக்கும். ஒருவர் இரண்டு பெயர் வாசித்து நகர்ந்து, அடுத்தவர் ஒலிவாங்கிக்கு வந்துசேர மொத்தம் 45 விநாடி. மணிக்கு 80 பேர், 160 பெயர். மாஸ்கோவின் லுபியான்கா சதுக்கத்தில், சோவியத் அடக்குமுறைக்குப் பலியானவர்களின் நினைவாக வைத்த சொலவெட்ஸ்கி கல்லருகே அக்டோபர் 29 அன்று காலை 10 முதல் இரவு 10 வரை வாசித்துவந்தார்கள். ஸ்டாலின் ஆட்சியில், 1937–38இல் அந்நகரில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களோ 30,000 பேருக்கு மேல். எந்தப் பெரிய பட்டியலும் ஒரே நாளில் முடியாது. விட்ட இடத்தைக் குறித்துவைத்து அடுத்த ஆண்டு அங்கிருந்து தொடங்குங்கள். வேகத்தைக் கூட்டினால் எந்தப் பெயரும் காதில் விழாது.

தாள் விஷயம்: பாதி ஏ4, ஒரு பக்கம் மட்டும், 18 புள்ளி எழுத்து. தேதியை எண்ணில் போடாமல் எழுத்தில் எழுதுங்கள், 3.11 என்றிருந்தால் மார்ச்சா நவம்பரா என்று வாசிப்பவர் தடுமாறுவார். அயல்மொழிப் பெயருக்குக் கீழே அசை பிரித்து எழுதிவிடுங்கள்.

ஆவணப் பிரிவு
நாள் முரண்படுவதுதான் பெரிய தலைவலி. குடும்பம் 1943 என்கிறது, ஆவணம் 1938 என்கிறது. சோவியத் விவகாரத்தில் இதற்குக் காரணம் உண்டு. சுடப்பட்டவரின் வீட்டாரிடம் 'கடிதத் தொடர்பு உரிமையின்றி 10 ஆண்டுச் சிறை' என்றே சொன்னார்கள். 1955இல் சோவியத் ரகசியப் போலீஸான கே.ஜி.பி.யின் உத்தரவுப்படி நிமோனியா, மாரடைப்பு என்று பொய்க் காரணமும் பொய்த் தேதியும் போட்டு இறப்புச் சான்று கொடுத்தார்கள். அதனால் தண்டனை நிறைவேற்றிய பதிவு கிடைத்தால் அதுவே முதன்மை. கிடைக்காவிட்டால் கைதான நாளோடு நிறுத்துங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம்.

கொன்றவர்களும் பின்னால் கொல்லப்பட்டிருப்பார்கள். ஸ்டாலின் காலத்து ரகசியப் போலீஸ் தலைவர் யாகோதா 1938இல் சுடப்பட்டவர்தான். குற்றமற்றவர் என்று பின்னர் அறிவிக்கப்பட்டாரா என்று பார்த்து வடிகட்டுவது ஒரு வழி. யாகோதா அதில் தேறமாட்டார். ஆனால் அந்த வடிகட்டியை அரசே கையில் வைத்திருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது.

ஒலி
ஒலிபெருக்கிகள் ஒலிவாங்கிக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்க வேண்டும். பின்னால் வைத்தால் கீச்சிடும். வளையும் கழுத்துள்ள தாங்கி கட்டாயம்: குழந்தையும் வாசிக்கும், ஆறடிக்காரரும் வாசிப்பார். பக்கத்திலேயே ஒருவர் நின்று உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். காற்றுக்கு நுரை உறை. கைப்பிடி மெகாஃபோன் வேண்டாம். அது எந்தப் பெயரையும் கோஷமாக்கிவிடும். மழைக்குத் தாளை லேமினேட் செய்தால் விளக்கொளி பட்டுக் கண் கூசும், மங்கலான பிளாஸ்டிக் உறை போதும்.

இன்றைய கைதிகள்
இறந்தவர் பட்டியலோடு இப்போது அரசியல் காரணத்துக்காகச் சிறையில் இருப்பவர்களையும் சேர்க்கும்போது விதி மாறுகிறது. குடும்பமோ வழக்கறிஞரோ சம்மதிக்காமல் பெயரை வாசிக்கக் கூடாது. விளம்பரம் சிலருக்குக் காப்பு, சிலருக்கு உள்ளே அடி. நிலையை அன்று காலை மறுபடி கேளுங்கள். விடுதலையாகியிருக்கலாம், வேறு சிறைக்கு மாற்றியிருக்கலாம். உடல்நலம், வழக்கின் உள்விவரம் எதையும் மைக்கில் சொல்ல வேண்டாம்.

வருகிறவர்களையும் நினைக்க வேண்டும். 2024 பிப்ரவரியில், சிறையில் இறந்த ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் நவால்னிக்குப் பூ வைக்க வந்தவர்களை ரஷ்ய நகரங்களில் நினைவுக்கற்களின் அருகிலேயே பிடித்தார்கள். படம் எடுப்பதானால் கைகள், தாள்கள், மெழுகுவர்த்திகள் மட்டும். வருகைப் பதிவேடு வைக்காதீர்கள்.

அனுமதி கிடைக்காத இடம்
நின்றால்தான் கூட்டம் என்றால் நடக்கலாம். அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில், ராணுவ ஆட்சியில் காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மாரான மே சதுக்கத்து அன்னையர் 1977இல் சுற்றி நடக்கத் தொடங்கியது, கூடி நிற்கக் கூடாது என்று போலீஸ் கலைத்ததால்தான். ஆனால் இந்தத் தந்திரம் எல்லா நாட்டிலும் செல்லாது. உள்ளூர்ச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரின் எண் ஒவ்வொருவர் கையிலும் பேனாவால் எழுதியிருக்கட்டும், போனைப் பறித்தாலும் அது மிஞ்சும்.

நினைவுத் தகடு
நாஜிகளுக்குப் பலியானவர்களின் பெயர் பொறித்து நடைபாதையில் பதிக்கும் 10 செ.மீ. பித்தளைக் கற்கள் (ஜெர்மனியில் தொடங்கியவை) கறுத்துப் போகும். உலோகப் பாலிஷும் மென்பஞ்சும் போதும். இரும்பு நாரால் தேய்த்தால் கோடு விழும், அடுத்த முறை இன்னும் சீக்கிரம் அழுக்கேறும். சோவியத் அடக்குமுறைக்குப் பலியானவர் கடைசியாக வாழ்ந்த வீட்டில் வைக்கும் ரஷ்யாவின் 'கடைசி முகவரி' தகடு 11 × 19 செ.மீ. துருப்பிடிக்காத எஃகு, சுவரில் மாட்டுவது, அதற்குத் துடைப்பு போதும். அங்கே சிக்கல் வேறு: அந்த வீட்டின் இப்போதைய உரிமையாளரின் சம்மதம். எழுத்தில் வாங்குங்கள், வீடு கை மாறினால் வாய்ச் சம்மதம் நிற்காது. தகடு காணாமல் போகலாம், ஆகவே மாட்டிய அன்றே அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, எழுத்து வடிவக் கோப்பையும் பத்திரப்படுத்துங்கள். மறுபடி செய்ய அது வேண்டும்.