சிங்கிள் ஜெட் போட்: த்ராட்டிலை விட்டால் திரும்புவதில்லை, துறையில் அணைப்பது எப்படி?

நோணாங்குப்பம்_கரை:

வணக்கம். புதுச்சேரி சுண்ணாம்பாற்றில் ஓட்ட 19 அடி ஜெட் போட் ஒன்று வந்திருக்கிறது. ஒரே எஞ்சின், ஒரே பம்ப், டிரைவரையும் சேர்த்து 7 பேர். இதுவரை பழக்கமெல்லாம் அவுட்போர்டு (போட்டுக்குப் பின்னால் வெளியே தொங்கும் எஞ்சின்) மாட்டிய ஃபைபர் போட்தான். அந்தப் பழக்கம் இதில் உதவவில்லை.

துறையை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்தால் ஸ்டீரிங் கேட்பதே இல்லை, அணியம் (முன்முனை) பார்த்த திசையிலேயே வழுக்கிக்கொண்டு போகிறது. நியூட்ரலில் போட்டாலும் ஓரிடத்தில் நிற்காமல் மெல்ல நகர்கிறது. ரிவர்ஸில் எந்தப் பக்கம் திருப்பினால் அமரம் (பின்முனை) எந்தப் பக்கம் போகும் என்பதும் பிடிபடவில்லை. மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று ஏறிவிட்டால் துறைக்குப் பக்கத்தில் போகவே தயக்கமாக இருக்கிறது. எந்த வரிசையில் பழகலாம்? கூடவே, ஆற்றில் மிதந்து வரும் குப்பை பம்புக்குள் போனால் என்ன செய்வது?

சுக்கான்காரர்:

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். அவுட்போர்டில் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் கால்பகுதியே சுக்கான் வேலையும் பார்க்கிறது. நியூட்ரலில் விட்டாலும் போட் ஓடுகிற வேகத்துக்குக் கொஞ்சம் திரும்பும். ஜெட் போட்டில் கீழே அப்படி எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. அடியில் ஒரு கிரில், அதன் வழியே தண்ணீர் ஏறுகிறது, இம்பெல்லர் (பம்புக்குள் சுற்றும் விசிறி) அதைப் பின்னால் தள்ளுகிறது, நாசில் (பின்பக்கக் குழாய்வாய்) வழியே பீய்ச்சி அடிக்கிறது. நீங்கள் ஸ்டீரிங்கைத் திருப்பினால் திரும்புவது அந்த நாசில்தான். தண்ணீர் வேகமாக வெளியே வராவிட்டால் நாசில் எந்தப் பக்கம் பார்த்தாலும் பயனில்லை. சில புது மாடல்களில் நாசிலோடு சேர்ந்து திரும்பும் சின்னத் துடுப்பு வைத்திருப்பார்கள். மெதுவாகப் போகும்போது அது கொஞ்சம் கைகொடுக்கும், ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது.

எதிரில் ஏதோ வந்துவிட்டது என்று பதறி த்ராட்டிலை (வேகம் கூட்டும் லீவரை) முழுதாக விடுவது ஜெட்டில் மோதலுக்கு ஒரு முக்கியக் காரணம். விட்ட மறுநொடி திருப்பும் சக்தி போய்விடும், இருந்த வேகத்தோடு நேராகப் போய் இடிக்கும். தப்பிக்க வேண்டுமென்றால் ஸ்டீரிங்கை ஒடித்து, த்ராட்டிலையும் கொடுக்க வேண்டும். அவுட்போர்டு கைக்கு இது நேர்மாறு. ஆகவே ஆள் இல்லாத அகலமான இடத்தில், துறையிலிருந்து தள்ளிப் போய் பல தடவை செய்து பார்க்க வேண்டும்.

நியூட்ரல் விஷயம்: இந்தப் போட்டுகளில் பெரும்பாலும் இம்பெல்லர் எஞ்சினோடு நேரடியாக இணைந்திருக்கும். எஞ்சின் ஓடினால் தண்ணீர் வந்துகொண்டேதான் இருக்கும். நாசிலுக்குப் பின்னால் இருக்கும் பக்கெட் (தண்ணீரைத் திருப்பிவிடும் மூடி) பாதி இறங்கி, வரும் தண்ணீரில் ஒரு பங்கைப் பின்னாலும் ஒரு பங்கை முன்னாலும் பிரித்து அனுப்புகிறது. இரண்டும் சமமானால் போட் நிற்கும். கொஞ்சம் நகர்வது இயல்பு. எப்போதும் ஒரே திசையில் நன்றாகவே இழுக்கிறது என்றால் பக்கெட் கேபிளைச் சரிசெய்ய வேண்டும், மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். சரிபார்க்க எளிய வழி: காற்றில்லாத காலை வேளையில் கரையில் ஒரு தென்னையையும் அதற்குப் பின்னால் ஒரு கம்பத்தையும் நேர்கோட்டில் வைத்துப் பாருங்கள். இரண்டும் எவ்வளவு நேரத்தில் விலகுகின்றன என்பதிலிருந்து நகர்வு தெரிந்துவிடும்.

ரிவர்ஸ்: ஸீ-டூ என்ற ஜெட் பிராண்டின் கையேட்டில், ரிவர்ஸில் அமரம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம் திருப்பு என்றுதான் இருக்கிறது. ஹாமில்டன் என்ற கம்பெனியின் ஜெட்டும் அப்படித்தான், முன்னே போனாலும் பின்னே போனாலும் ஸ்டீரிங் பக்கம் அணியம் போகும். ஆனால் எல்லா பக்கெட் அமைப்பும் ஒன்றல்ல. உங்களுடையது எப்படி என்று ஆழமான இடத்தில், ஐடிலில் (த்ராட்டில் கொடுக்காமல் எஞ்சின் ஓடும் குறைந்த வேகத்தில்), இடது ஒடித்து ஒரு தடவை, வலது ஒடித்து ஒரு தடவை பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீரிங் பக்கமே அணியம் போகும் வகை என்றால் துறையில் அணைப்பது சுலபம். துறை உங்கள் இடது கைப்பக்கம் என்று வைத்துக்கொள்வோம். நீரோட்டம், காற்று இரண்டில் எது பலமோ அதை எதிர்த்து, துறைக்கு 20 முதல் 30 டிகிரி சாய்வில், ஐடிலில் வாருங்கள். 3 போட் நீளம் இருக்கும்போதே நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள். இனிமேல் த்ராட்டிலைப் பிடித்தே வைத்திருக்கக் கூடாது, தட்டித் தட்டி விட வேண்டும். ஒவ்வொரு தட்டலும் ஒரு வினாடி, ஐடிலுக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். அதைவிட முக்கியம் வரிசை: ஸ்டீரிங்கை முதலில் முழுசாக ஒடித்துவிட்டு, பிறகு தட்ட வேண்டும். தட்டிவிட்டு ஒடித்தால் போட் திரும்பாமல் முன்னால் பாயும், வேகம் மட்டும் கூடும்.

அணியம் துறையிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டரில் இருக்கும்போது ஸ்டீரிங்கை வலது பக்கம், அதாவது துறைக்கு எதிர்ப்பக்கம், ஒடித்து ஒரு தட்டு. அணியம் விலகும், அமரம் துறையை நோக்கி வரும், போட் துறைக்கு இணையாக நிற்கும். ஸ்டீரிங்கைத் தொடாமல் அப்படியே ரிவர்ஸ் போட்டால் ஓட்டமும் நிற்கும், அமரமும் இன்னும் உள்ளே வரும். இரண்டு அசைவுக்கும் ஸ்டீரிங் ஒரே பக்கம்தான் என்பதால் பதற்றத்தில் குழப்பம் வராது.

கிளம்பும்போது ஸ்டீரிங்கைத் துறைப் பக்கம் ஒடித்து ரிவர்ஸ். அமரம் வெளியே போகும், அணியம் துறையில் உரசும். அந்த முனையில் ஒரு ஃபெண்டர் (உரசலைத் தாங்கும் மெத்தை) தொங்கட்டும். காலையோ கையையோ இடையில் கொடுத்துத் தள்ளக் கூடாது.

பம்ப்_பட்டறை:

மேலே சொன்னது சரி. ரிவர்ஸ் பற்றி ஒரு எச்சரிக்கை மட்டும். துறைக்குப் பக்கத்தில் ஆழம் குறைவு. பக்கெட் இறங்கியதும் ஜெட் தண்ணீர் போட்டுக்கு அடியில் முன்னோக்கி அடிக்கும், தரையிலிருக்கும் மணலையும் சேற்றையும் கிளப்பும், அதே கலங்கலைக் கிரில் திரும்ப உறிஞ்சும். கூடவே குமிழியும் உள்ளே போவதால் பம்புக்குப் பிடி குறைந்து எஞ்சின் சத்தம் மட்டும் ஏறும். த்ராட்டிலைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். ரிவர்ஸும் சின்னத் தட்டல்களாகவே இருக்க வேண்டும்.

ஜெட் ஆழமில்லாத இடத்துக்கென்றே வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். 1950களில் நியூசிலாந்தில் வில்லியம் ஹாமில்டன் கேன்டர்பரி பகுதியின் ஆழமற்ற கூழாங்கல் ஆறுகளுக்காக இதைக் கொண்டுவந்தார் என்பது உண்மை. ஆனால் போட் வேகமெடுத்துத் தண்ணீர் மேலே எழும்பி ஓடும்போதுதான் அது பொருந்தும். நின்ற இடத்திலிருந்து கிளப்பும்போது கிரில் கீழே இருப்பதை வாரி எடுக்கும். எஞ்சினைக் கிளப்ப அமரத்துக்கு அடியில் குறைந்தது 90 செ.மீ. தண்ணீர் வேண்டும். பாரடைஸ் பீச் பக்கம் மணலில் ஏற்றி நிறுத்தினால், முழங்கால் தண்ணீரில் சாவி போடாதீர்கள். கையால் தள்ளி இடுப்பளவுக்குக் கொண்டுபோய், ஆட்கள் ஏறிய பிறகும் அடியில் அந்த 90 செ.மீ. இருக்கிறதா என்று பார்த்துக் கிளப்புங்கள். அப்போது அமரத்துக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. ஜெட் தண்ணீர் உடம்பில் நேராகப் பட்டால் உள்காயமே ஆகும்.

இனி குப்பை. மழைக்குப் பிறகு ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக் பை, வலைத்துண்டு எல்லாம் வரும். உள்ளே மாட்டினால் அறிகுறி தெளிவாக இருக்கும்: ஆர்பிஎம் (எஞ்சின் சுற்றும் வேகம்) ஏறும், போட் வேகம் ஏறாது, காலுக்கடியில் கடகடவென்று அதிர்வு. அவுட்போர்டில் ரிவர்ஸ் போட்டால் விசிறி எதிர்ப்பக்கம் சுற்றிச் சிக்கலை அவிழ்க்கும். இங்கே அது நடக்காது. பக்கெட்தான் இறங்குகிறது, இம்பெல்லர் அதே பக்கம்தான் சுற்றுகிறது. ரிவர்ஸ் போட்டுப் போட்டுப் பார்த்தால் பை இன்னும் இறுகும்.

எஞ்சினை நிறுத்துங்கள். உறிஞ்சுவது நின்றதும் பெரும்பாலும் பை தானே கீழே இறங்கும், போட்டைப் பக்கவாட்டில் ஆட்டிவிட்டால் இன்னும் சுலபம். பிறகு ஐடிலில் கிளப்பிப் பாருங்கள். சரியாகவில்லையென்றால் நங்கூரம் போட்டுவிட்டு, கில் ஸ்விட்ச் கயிற்றை (இழுத்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு) கழற்றி, சாவியை உங்கள் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் கை விட வேண்டும். சில மாடல்களில் பின் தளத்திலேயே கை நுழைக்கும் மூடி இருக்கும். அது இல்லாவிட்டால் அடியிலிருந்து கிரில் வழியாகத்தான். ஷாஃப்டில் சுற்றியது கயிறு என்றால் இழுக்காமல் சின்னக் கத்தியால் துண்டு துண்டாக அறுத்து எடுங்கள். அடைப்போடு ஓட்டிக்கொண்டே கரைக்கு வந்துவிடலாம் என்று பார்க்காதீர்கள். பல மாடல்களில் எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீரும் அதே பம்பிலிருந்துதான் வருகிறது, சூடேறிவிடும்.

கயிறு என்றதும் இன்னொன்று. துறைகளில் கிடக்கும் பச்சை, நீல பிளாஸ்டிக் கயிறு தண்ணீரில் மிதக்கும். ஜெட்டுக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. கட்டுவதற்கு நைலான் கயிறு வாங்குங்கள், அது மூழ்கும். அணியத்தில் கட்டும் கயிறு தண்ணீரில் விழுந்தாலும் கிரில் வரை எட்டாத நீளத்தில் இருக்க வேண்டும்.

நோணாங்குப்பம்_கரை:

இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு நன்றி அண்ணே. காலையில் ஒடித்துவிட்டுத் தட்டும் முறையைப் பார்த்தேன், வித்தியாசம் உடனே தெரிகிறது. ரிவர்ஸில் ஸ்டீரிங் பக்கம்தான் அணியம் போகிறது. இரண்டு கேள்வி மிச்சம். காற்று துறையிலிருந்து வெளியே தள்ளும்போது என்ன செய்வது? தினமும் ஓட்டி முடித்ததும் எப்படிக் கழுவ வேண்டும்?

முதுநகர்_துறை:

தம்பி, ஜெட் போட்டுக்கு அடி தட்டை, எடையும் குறைவு. தண்ணீரில் மிதக்கும் தாம்பாளத்தைப் போல காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகும். அதனால் காற்றைப் பார்த்துத்தான் கோணம் முடிவு செய்ய வேண்டும். நம் கரையில் கோடையிலும் ஆடியிலும் காலையில் தரைக்காற்று, மத்தியானம் திரும்பிக் கடல் காற்று. ஒரே துறையில் காலையில் அணைத்த முறை மாலையில் எடுபடாது. கொடியோ, கட்டிக் கிடக்கும் மற்ற போட்டுகளோ எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வா.

காற்று துறையை நோக்கித் தள்ளினால் ஒரு மீட்டர் தள்ளி இணையாக நிறுத்திவிட்டுச் சும்மா இரு, காற்றே கொண்டுவந்து சேர்த்துவிடும். ஃபெண்டர் மட்டும் சரியான உயரத்தில் இருக்கட்டும். ஓதம் (கடல் நீர்மட்டம்) ஏறி இறங்குவது இங்கே ஒரு மீட்டருக்குள்தான், ஆனாலும் வற்றும்போது ஃபெண்டர் துறையின் பலகைக்குக் கீழே போய்விடும். காற்று வெளியே தள்ளினால் 20 டிகிரி போதாது, 40, 45 டிகிரியில் வா. தட்டல் கொஞ்சம் நீளமாக இருக்கலாம். நடுப்பக்கக் கொக்கியில் கட்டிய கயிறு முதலில் துறைக்குப் போக வேண்டும். அணியக் கயிற்றை முதலில் கட்டினால் அமரம் காற்றோடு வெளியே திரும்பிவிடும், ஒற்றை ஜெட்டில் அதை மறுபடி உள்ளே கொண்டுவருவது பெரும்பாடு. கயிறு கொடுக்கிறவர் குதிக்கக் கூடாது, போட் துறையைத் தொட்ட பிறகு இறங்கட்டும்.

சுக்கான்காரர் சொன்னதில் ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. தட்டித் தட்டி விடுவது த்ராட்டிலும் பக்கெட்டும் ஒரே லீவரில் இருக்கும் போட்டுக்குச் சரி. பக்கெட்டுக்குத் தனி லீவர் இருந்தால் ஆர்பிஎம்மை ஐடிலுக்கு மேலே ஒரே அளவில் வைத்துவிட்டு, பக்கெட்டை ஏற்றி இறக்கி வேகத்தைக் கட்டுப்படுத்துவதுதான் நல்லது. தண்ணீர் தொடர்ந்து வெளியே வருவதால் ஸ்டீரிங் எந்த நேரமும் கேட்கும், போட் நின்ற இடத்திலேயே திரும்பும்.

வாடை மாதங்களில், ஐப்பசி, கார்த்திகையில், ஆற்றில் வெள்ளம் இறங்கும்போது முகத்துவாரம் பக்கம் பழகப் போகாதே. மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். அலையில் அமரம் தூக்கிக் கிரில் காற்றை உறிஞ்சிவிட்டால், அந்த நொடியில் தள்ளும் சக்தியும் இல்லை, திருப்பும் சக்தியும் இல்லை.

சுக்கான்காரர்:

தனி லீவர் பற்றிச் சொன்னது சரி, ஏற்றுக்கொள்கிறேன். 19 அடி போட்டுகளில் பெரும்பாலும் ஒற்றை லீவர் என்பதால் அப்படி எழுதினேன். இன்னொன்றையும் சேர்க்கிறேன்: பழகும்போது 2 பேரோடு மட்டும் பழகாதீர்கள், 7 பேர் எடையோடும் ஐடிலில் எவ்வளவு தூரம் வழுக்குகிறது என்று பாருங்கள். எடை கூடினால் நிற்கும் தூரமும் கூடும். எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நின்று துறையைப் பிடிக்கப் போனால் போட் சாய்ந்து, தட்டும்போது நினைத்த இடத்துக்கு வராது. கயிறு கட்டும் வரை உட்கார்ந்திருக்கச் சொல்லுங்கள்.

பம்ப்_பட்டறை:

கழுவுவது: சுண்ணாம்பாற்றில் கடல் தண்ணீர் ஏறும், ஆகவே ஓட்டிய அன்றே நல்ல தண்ணீர். வரிசை மாறக் கூடாது. முதலில் எஞ்சினைக் கிளப்பு, பிறகு ஹோஸ் குழாயைத் திற. முடிக்கும்போது முதலில் குழாயை மூடு, பிறகு எஞ்சினை நிறுத்து. எஞ்சின் ஓடாமல் தண்ணீரைத் திறந்துவிட்டால் அது சைலன்சர் பக்கத்திலிருந்து சிலிண்டருக்குள் ஏறிவிடும். தரையில் எத்தனை நிமிடம் ஓட்டலாம் என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். கையேட்டில் இருக்கும் நேரத்தைத் தாண்டாதீர்கள், பம்ப் பக்கத்து சீல் தண்ணீரில்லாமல் சூடாகும்.

முடிந்தால் டிரெய்லரில் ஏற்றிக் கரையில் வையுங்கள். தண்ணீரிலேயே கட்டிப் போட்டால் பம்புக்குள் பாசியும் சிப்பியும் ஒட்டும், தள்ளும் சக்தி குறையும். மாதம் ஒரு தடவை டார்ச் அடித்து இம்பெல்லர் விளிம்பைப் பாருங்கள். விளிம்பு மழுங்கியிருந்தாலோ, சுற்றியிருக்கும் வளையத்தில் கோடு கோடாகத் தேய்ந்திருந்தாலோ அது மணல் வேலை. ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியை அளந்து கையேட்டு எல்லையோடு ஒப்பிடுங்கள். இடைவெளி கூடினால் முதலில் கெடுவது ஐடில் வேகத்தில் இருக்கும் தள்ளும் சக்திதான். துறையில் அணைக்கும்போது தட்டினால் முன்பு போல வரவில்லை என்று தோன்றினால் கையைக் குறை சொல்வதற்கு முன் அந்த வளையத்தைப் பாருங்கள்.

கில் ஸ்விட்ச் கயிறு டிரைவரின் லைஃப் ஜாக்கெட்டில் மாட்டியிருக்க வேண்டும், ஸ்டீரிங்கில் அல்ல. தினமும் காலையில் துறையை விட்டுக் கிளம்பும் முன் ஒரு தடவை இழுத்து எஞ்சின் நிற்கிறதா என்று பாருங்கள்.