உங்கள் கதையை யாராவது தூக்கிக்கொண்டு போனதுண்டா?

செந்தூல் வாசகி:
ஆர்.எஃப். குவாங்கின் ‘யெல்லோஃபேஸ்’ என்ற ஆங்கில நாவலை இங்கே பாதிப் பேர் படித்திருப்பீர்கள், கதைச் சுருக்கம் வேண்டாம். சீன வம்சாவளி எழுத்தாளர் அத்தீனா செத்த கையோடு, வெள்ளைக்காரத் தோழி ஜூன் அவருடைய கைப்பிரதியைச் சுருட்டிக்கொண்டு போவது கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தக் கைப்பிரதி எதைப் பற்றியது? முதல் உலகப் போரில் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் மூட்டை தூக்கப் போன சீனத் தொழிலாளிகள். அங்கேதான் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது.

தாத்தாவை 1943-ல் தோட்டத்திலிருந்து சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் பிடித்துப் போனார்கள். திரும்பி வந்தபோது ஆள் எலும்பும் தோலுமாம். யாரோ பிச்சைக்காரர் என்று பாட்டி வாசலிலேயே சோறு போட்டிருக்கிறார். சாப்பிட்டவர் தகரத் தட்டைக் கழுவி, நேராக உள்ளே வந்து, அது எப்போதும் தொங்குகிற ஆணியில் மாட்டினாராம். அப்புறம்தான் பாட்டி அலறியிருக்கிறார்.

‘ஆய்வு’ என்று சொல்லி வந்த ஒருவரிடம் பாட்டி இதைச் சொன்னார். பிறகு அவருடைய ஆங்கிலச் சிறுகதையில் அதே தட்டு, அதே ஆணி. கோலாலம்பூர் பங்சாரில் புத்தக வெளியீடு. “இந்தக் காட்சி எனக்கு ஒரு விடியற்காலையில் தானாக வந்தது” என்றார் மேடையில். நான் முன்வரிசையில் இருந்தேன். கையெழுத்து போடும்போது என் பெயருக்கு எழுத்துக்கூட்டிக் கேட்டார். நன்றியுரையில் அவர் வளர்க்கும் பூனைக்குக் கூட இடம் இருந்தது, பாட்டிக்கு இல்லை.

ராவாங் முருகன்:
என் கதையை ஒரு ஆண்டுமலரில் பெயரில்லாமல் போட்டார்கள். அதை விடுங்கள். தங்கச்சி, நீங்கள் செய்ய வேண்டியது இது. நம் மலேசியாவில் 1987-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. வெறும் கருத்துக்கு அதில் பாதுகாப்பு கிடையாது. எழுத்தாகவோ ஒலிப்பதிவாகவோ ஏதாவது ஒரு வடிவத்தில் இருக்க வேண்டும். இருந்தால், படைத்தவரின் ஆயுளுக்கும் அதற்குப் பிறகு 50 ஆண்டுக்கும் உரிமை நிற்கும். பதிவு செய்தால்தான் உரிமை என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை, எழுதியதுமே வந்துவிடும். ஆனாலும் 2012 முதல் மலேசிய அறிவுசார் சொத்துரிமைக் கழகமான மைஐபிஓவில் நாமாகவே அறிவித்துச் சான்று வாங்கிக்கொள்ளலாம், வழக்கு வந்தால் கைகொடுக்கும். பாட்டியை உட்கார வைத்து அவர் சொல்வதை உடனே ஒலிப்பதிவு செய்யுங்கள். தேதியைச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு பிரதி எடுத்து வையுங்கள்.

செந்தூல் வாசகி:
பாட்டி போய்ச் சேர்ந்துவிட்டார், அண்ணே.

பிஜே பிழைதிருத்தி:
முருகன் அண்ணே, அக்கா சட்டமா கேட்டார்?
நாவலில் பதிப்பாசிரியரும் ஜூனும் உட்கார்ந்து, வெள்ளைக்காரப் பாத்திரங்களை நல்லவர்களாக்கி, சீனப் பெயர்கள் குழப்புகின்றன என்று மாற்றுவார்களே, அதை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன். ஆங்கிலப் பதிப்பகம் ஒன்றின் தோட்டத்து நாவல் அது. முனியாண்டி, முனியம்மா, முனுசாமி மூன்று பேரையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, “யார் யாரென்று தெரியவில்லை, ஒருவரை சாம் ஆக்கிவிடலாமா?” என்று கேட்டார்கள். கேட்டவர் வெள்ளைக்காரர் இல்லை. இங்கேயே பிறந்து வளர்ந்தவர். “நீங்கள் தமிழர்தானே, சும்மா ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்” என்றார், அதாவது சம்பளம் இல்லாமல். முனுசாமியைக் காப்பாற்ற முடியவில்லை.

கிள்ளான்காரன்:
ஆங்கிலப் பதிப்பகத்தையே திட்டிக்கொண்டிருந்தால் எப்படி? நம்மவர்கள் மட்டும் யோக்கியமா? தமிழ்ச் சிறுகதைப் போட்டி ஒன்றுக்கு நடுவராக இருந்தேன். தமிழ்நாட்டுப் பழைய கதை ஒன்றை எடுத்து, மதுரை வந்த இடமெல்லாம் கிள்ளான் என்று மாற்றி அனுப்பியிருந்தார் ஒருவர். எட்டாம் பக்கத்தில் கதாநாயகன் கிள்ளான் பேருந்து நிலையத்தில் இறங்கி, பாலத்தில் நின்று, வைகையில் தண்ணீர் இல்லையே என்று வருந்துகிறான். நம்மூர் ஆற்றில் என்றைக்கு ஐயா தண்ணீர் வற்றியது?

பிஜே பிழைதிருத்தி:
அண்ணே, திருட்டு வேறு, எங்கள் பெயரையே அழிப்பது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். சரி, அந்தக் கதையை நீக்கினீர்களா?

கிள்ளான்காரன்:
மற்ற நடுவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆறுதல் பரிசு கொடுத்தார்கள்.